ரோஜாச் சிலுவைக்கு வெளியே

என் கணவருக்கு ஒன்றில் பித்துப் பிடித்தால் லேசில் விடாது. ஃப்ரீமான்ட்டுக்கு வந்த புதிதில் டென்னிஸ். தொண்ணூற்றேழில் ரோசிக்ரூஷியன்கள், அதாவது ரோஜாவையும் சிலுவையையும் சின்னமாகக் கொண்ட பழைய ரகசியச் சங்கத்தார். வாரமெல்லாம் சிப் டிசைன், சனி ஞாயிறு நூலகம். வீட்டில் குழாய் ஒழுகினால் ஒழுகட்டும்.

அதற்கு முன்பே ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர அமைப்பின் உள்ளூர்க் கிளையில், லாட்ஜ் என்பார்கள், சேர்ந்திருந்தார். அங்கே கடவுள் நம்பிக்கை இருந்தால் போதும், எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. எங்கள் சாமி அலமாரியில் இருந்த புத்தகத்தின் மேல் கை வைத்துத்தான் உறுதிமொழி எடுத்தார். அந்த லாட்ஜ்காரர்களில் சிலர் தனியாக ஒரு ரோசிக்ரூஷியன் வட்டம் நடத்தினார்கள். சங்கத்தின் வரலாற்றைப் பற்றி யாராவது கட்டுரை எழுதிக்கொண்டு வந்து படிப்பார்களாம். இவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒன்று எழுதினார். அதை அந்த அறையில் நின்று படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. கிரீன் கார்டுக்குக்கூட மனிதர் இப்படி ஏங்கியதில்லை.

ஆனால் அந்த வட்டத்தில் சேர மேசனாக இருந்தால் மட்டும் போதாது, கிறிஸ்தவராகவும் இருக்க வேண்டும்.

வட்டத்தில் இருந்த பாளையங்கோட்டை டாக்டர் ஒருநாள் எங்கள் வீட்டுக்குத் தோசை சாப்பிட வந்தார். நல்ல மனிதர், சர்ச்சில் பாடுகிறவர்.

"கேட்டா ஆமான்னு சொல்லிருங்க சார். யாரு செக் பண்ணப் போறா? உங்க அளவுக்கு ஹிஸ்டரி தெரிஞ்சவங்க அங்க யாரும் கிடையாது" என்றார்.

இவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். அந்த யோசனைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"டாக்டர், லிவர்மோர் கோயில்ல உங்கள டிரஸ்டி ஆக்கறோம்னு சொன்னா, பட்டை போட்டுக்கிட்டு வந்து நிப்பீங்களா?"

டாக்டர் சட்னியைத் தொட்டுக்கொண்டு, "மாட்டேம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் நேர்காணல், அது முடிந்ததும் அங்கேயே கட்டுரை வாசிப்பு. நானும் கூடவே போனேன், இவரை நம்ப முடியாமல்தான். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

பின்னாலேயே டாக்டர் ஓடி வந்தார். "கட்டுரையக் குடுங்க சார். நான் படிக்கேன், உங்க பேரச் சொல்லியே படிக்கேன்." வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள்.

காரில் வந்து உட்கார்ந்தோம். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். "எழுதினது நீங்க, வெளிய உக்கார்றதும் நீங்களா? கிளம்புங்க, போலாம்."

"இரு. ஜெர்மனியில முதமுதல்ல அந்தச் சங்கத்தப் பத்திப் புஸ்தகம் அச்சடிச்சு விட்டப்போ, எங்களையும் சேத்துக்கோங்கன்னு எத்தன பேர் எழுதினாங்க தெரியுமா? பதிலே வரல. அப்படி ஒரு சங்கம் இருந்துச்சான்னே இன்னிக்கு வரைக்கும் யாராலயும் ப்ரூவ் பண்ண முடியல. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, மேசன்ஸ்ல சிலர் அந்தப் பேர எடுத்து மாட்டிக்கிட்டு, யார் உள்ள வரலாம்னு ரூல் போட்டாங்க."

"அதனால?"

"உள்ள இருக்கறவங்கதான் புதுசு. வெளிய நிக்கறவங்கதான் இதுல பழைய ஆளுங்க. என் கட்டுரையே அதான்."

சமாதானத்துக்குச் சொன்னதல்ல, நம்பித்தான் சொன்னார். இந்த மனிதனைக் கட்டிக்கொண்டதற்காக நான் அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். ஆனாலும் காரை எடுக்கவில்லை அவர். டாக்டர் இப்போது எந்தப் பத்தியில் இருப்பார் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு மெல்ல "தேங்க் யூ" என்றார்.

உள்ளே கைதட்டினார்களா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. காருக்குள் நான் தட்டினேன்.