கூழ் ஊற்றும் நாளில் சோல் பாடினேன்

பாண்டியில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஹோட்டல்களில் ஜாஸும் சோலும் பாடித்தான் பத்து வருஷமாக என் வண்டி ஓடுகிறது. சோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் நீட்டி முழக்குவதில்லை. தொண்டை கிழியக் கெஞ்சுவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மனசில் கிடப்பதை வெளியே இழுத்துப் போடுவது, அவ்வளவுதான். சென்னை, பெங்களூர் எல்லாம் பாடியாகிவிட்டது. ஒரு தடவை பிரான்சுக்கும் போய் வந்தேன். பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மட்டும் பாடினதில்லை, அங்கே அப்பா இருந்தார்.

அப்பா கரும்பும் நெல்லும் பயிர் செய்கிறவர். நான் ஹோட்டலில் பாடுவது அவருக்குத் தெரியும். ஏதோ பாடுகிறாள் என்று விட்டுவைத்திருந்தார். பிறகு ஒரு ஹோட்டல்காரர் என் படத்தைப் போட்டு பேனர் அடித்தார். என் தலைக்குப் பின்னால் வரிசையாக மது பாட்டில்கள். எந்தப் புண்ணியவானோ அதை போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அப்பா திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் ஊருக்குப் போனால் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார், நான் திரும்ப பஸ் ஏறின பிறகுதான் வீட்டுக்கு வருவார். அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான். யார் யாரோ கைதட்டினார்கள், இந்த மனுஷன் ஒரு பாட்டாவது உட்கார்ந்து கேட்கமாட்டாரா என்றுதான் மூன்று வருஷமாக எனக்கு ஏக்கம்.

போன ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றின அன்று கச்சேரிக்கு வரவேண்டிய பாடகிக்குக் காய்ச்சல். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, காலையிலேயே போன் போட்டாள்.

"ஊரூரா போய்ப் பாடறியே, நம்ம ஆத்தாளுக்கு வந்து பாடுனா இன்னாடி? உங்கப்பன் கெடக்கறான் வா."

போனேன். இருட்டுவதற்கு முன்னால் அம்மன் பாட்டு நாலைந்து பாடினேன். அப்பா கூட்டத்தின் கடைசியில் டியூப் லைட் கம்பத்தடியில் நின்றிருந்தார், முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டு. அவர் வந்தது ஆத்தாளுக்காக, எனக்காக இல்லை. காலேஜ் போகிற பெண்கள் சிலர் முன்னால் வந்து, "அக்கா, அந்த ஹோட்டல் பாட்டு ஒண்ணு" என்றார்கள். சரி, வருவது வரட்டும் என்று, விட்டுப்போனவனைத் திரும்பி வரச் சொல்லி ஒருத்தி மன்றாடுகிற இங்கிலீஷ் பாட்டு ஒன்றை எடுத்தேன். அந்தக் கம்பத்தைப் பார்த்துத்தான் பாடினேன்.

பாட்டு உச்சிக்குப் போகும்போது எனக்குக் கண் மூடிக்கொள்ளும், உடம்பு உதறும், குரல் உடையும். அன்று கொண்டையும் அவிழ்ந்துவிட்டது. எங்கள் ஊருக்கு இது போதாதா?

"ஆத்தா எறங்கிட்டாடி" என்று அத்தை குரல் கேட்டது. கோயில் வாசலில் நின்ற பம்பைக்காரர் ஓடிவந்து பம்பையை அடிக்க ஆரம்பித்தார். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். கண்ணைத் திறப்பதற்குள் அத்தை ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். கரண்ட் அடித்துவிடும் என்று கீபோர்டுக்காரர் தன் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு மேடையை விட்டுக் குதித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் எந்த ஹோட்டலிலும் என் தலையில் யாரும் தண்ணீர் ஊற்றினதில்லை. ஆனால் பம்பை என் பாட்டுக்கு அப்படிப் பொருந்தியது. விட மனசில்லாமல் பாடி முடித்தேன்.

முடித்ததும், எனக்குச் சாமியும் வரவில்லை பூதமும் வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கூட்டம் விலகியது. அப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்து, கைகூப்பி என் முன்னால் நின்றார். சாமி வந்தவர்களிடம் வாக்கு கேட்பது எங்கள் வழக்கம். மகளிடம் பேச வராத மனுஷன் ஆத்தாளிடம் பேச வந்திருந்தார்.

"தாயே, எம்பொண்ணுகிட்ட பேச்ச உட்டு மூணு வருசமாவுது. எப்பிடி மறுபடி ஆரம்பிக்கறதுன்னு தெரில. அவளுக்கு எம்மேல கோவமா? நீதான் சொல்லணும்."

மெதுவாகத்தான் சொன்னார். என் கையிலிருந்த மைக் அதை ஊர் முழுக்கக் கேட்க வைத்தது. ஆத்தாளாக நின்று கம்பீரமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது.

"கோவம்லாம் இல்லப்பா" என்றேன்.

அத்தை குடத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி இது, ஆத்தா இவனப் போய் அப்பாங்குது?" என்றாள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அன்று வந்தது ஆத்தாதானா என்று அவளுக்கு இன்றைக்கும் என்மேல் சந்தேகம் தீரவில்லை. நானோ அவள் ஊற்றின தண்ணீரை நினைத்து, மனசுக்குள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத நாளில்லை. பம்பைக்காரருக்கும் ஒரு கும்பிடு.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து என் தலையைத் துவட்டினார், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி அழுத்தி. பிறகு கீழே இறங்கி, முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்தார்.

"இன்னொன்னு பாடு. குந்திக் கேக்கறேன்."