ஆடிட்டுக்கு எடுத்த போட்டோ

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு அறிவியல் புராஜெக்டில் குரோமியம் வந்திருக்கிறது. கணபதி ஏரியாவில் குரோம் பூசும் பிளேட்டிங் பட்டறை வைத்திருப்பவர் வீட்டுக்கு வேறென்ன வரும்!

"எங்கிட்டயே கேளு கண்ணு, நெட்டு எதுக்கு?" என்றார் அவள் அப்பா.

"மிஸ்ஸு நெட்டுல தேடித்தான் எழுதச் சொன்னாங்கப்பா" என்று என் போனை வாங்கிக்கொண்டாள்.

குழாய், பைக் சைலன்சர் என்று பயன்களை வாசிக்க வாசிக்க, இவர் தோசையைத் தின்றபடி பெருமையாகத் தலையாட்டினார்.

அடுத்தது தீமைகள். "தோல்ல புண்ணு வருமாம். மூக்குக்குள்ள ஓட்டையே விழுமாம்."

தலையாட்டல் நின்றது. "அதெல்லாம் பெரிய பேக்டரிக்காரங்களுக்குக் கண்ணு."

"நம்ம பட்டறையிலயும் அதே குரோமியந்தானுங்கப்பா?"

இவர் சட்னிக்குத் தட்டை நீட்டினார். அவளே என் கேலரியைத் துழாவி, க்ளவுஸும் மாஸ்க்குமாக அப்பா நிற்கும் படத்தைக் கண்டுபிடித்தாள். தெருமுனைக் கடையில் பிரிண்ட் போட்டு சார்ட்டில் ஒட்டி, கீழே எழுதியும்விட்டாள்: 'என் அப்பா தினமும் இப்படித்தான் வேலை செய்கிறார்.'

ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆட்கள் வந்த அன்று நான் எடுத்த படம் அது. அவர்கள் கார் கிளம்பியதும் கழற்றிய க்ளவுஸ், இன்னும் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் புதுசாகவே தொங்குகிறது.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாளைக்கு சார்ட் பள்ளிக்கூடம் போகிறது. ஏனுங்க, ஆடிட் இல்லாத நாளில் க்ளவுஸ் மாட்டிய ஆம்பளை போட்டோ யாரிடமாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். இவருக்குக் காட்டணும்.