நான் மாற்றிய பெல்ட்டும் நிறுத்திய மாத்திரையும்

நான் பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். என் மனைவி அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் கை வேகத்தைப் பார்த்துத்தான் மயங்கினேன், முகத்தை அப்புறம்தான் பார்த்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் முறைப்பாள்.

கல்யாணமாகி ஆறாவது வருடம் அந்தக் கை மந்தமானது. ஒரு பீஸை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்துவிட்டு, பெடலை மிதிக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அவளால் லைனே தேங்குகிறது என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ஏம்புள்ள, என்னாச்சு?" என்று கேட்டேன்.

"கை வரமாட்டேங்குதுங்க" என்றாள்.

என் புத்தி எங்கே போகும்? மெஷினுக்குத்தான் போனது. ஊசி மாற்றினேன், பெல்ட் மாற்றினேன், லூப்பரைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, புத்தம் புது மெஷின் ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அதிலும் கை அப்படியேதான் இருந்தது. அதை மாட்டிய அன்று வேலையை முடித்துவிட்ட பெருமையில் ஸ்பேனர் பெட்டியை மூடிய என்னை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

சில மாதங்களில், மெஷின் சத்தத்துக்குள் இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள். அப்போதுதான் பயந்துபோய் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை சாப்பிடச் சாப்பிட அந்தக் குரல்கள் அடங்கின. பழையபடி சிரித்தாள். ஆனால் நடக்கும்போது இரண்டு கையும் வீசாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கியது. மாத்திரைதான் அவளை மரக்கட்டை ஆக்குகிறது என்று முடிவு கட்டினேன். புதிதாகப் போட்ட பார்ட்டால் கோளாறு வந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், சமையலறை அலமாரியை நோக்கிக் கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கண் திறந்தே இருந்தது. கையைப் பிடித்து இறக்கிப் பாதியில் விட்டேன், அது பாதியிலேயே நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. "எதாச்சும் பேசு புள்ள" என்று அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இனி அவள் எனக்குத் திரும்பக் கிடைக்கவே மாட்டாள், தொலைத்ததும் நான்தான் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கை எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். மெஷினைப் பிரித்து மேய்ந்த கதையைச் சொன்னேன்.

"அப்பவே ஆரம்பிச்சிருக்குங்க. இந்த நோய் நினைப்பை மட்டும் பிடிக்கிறதில்ல. கைகாலை அசைக்கச் சொல்ற மூளையையும் பிடிக்கும். மாத்திரையாலயும் விறைப்பு, நடுக்கம் வரலாம். வந்து சொன்னீங்கன்னா அளவை மாத்துவேன். நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார்.

ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் தண்ணீர் கேட்டாள். பத்து நாளில் வேறு மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தோம்.

வந்த அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவளே பேச்செடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க அழுதது தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சுதா?"

"எல்லாமே கேட்டுச்சு. உங்க கண்ணைத் தொடச்சு வுடோணும்னு கையை எறக்கப் பாத்தேன். வரவே இல்லீங்க."

எனக்கு மறுபடியும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அவள் கை வந்தது. மெதுவாகத்தான் வந்தது.