மரியா அல்லாத ஒருத்தி

புருடென்சியா ஊரார் துணி துவைத்தே கிழவியானவள். வேலை பார்த்த எந்த வீட்டிலும் யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. எங்கள் இலோயிலோ நகரில் வேலைக்காரி யாராயிருந்தாலும் ‘இண்டாய்’ என்று கூப்பிட்டால் போதும். ஒருத்தி ஓடி வருவாள். இவளும் ஓடினாள். கால்கள் விழுந்த பிறகு எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்தாள். இங்கே அவள் ஜன்னலோரக் கட்டில். “ஜன்னலோரக் கட்டிலுக்குப் பேதி” என்பார்கள், தினமும் மும்முறை ஜெபிக்கும் கன்னியாஸ்திரிகள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. கடவுளுக்குத் தன்னைத் தெரியும் என்பாள். மனிதகுலத்தை அல்ல, புருடென்சியாவை. நான் பராமரிப்புப் பயிற்சி பெற்று, தைவானில் பலரைக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பியவள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது இந்தப் பேச்சு எரிச்சலூட்டும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் சிற்றாலயம். இல்லத்தின் ஒரே சக்கர நாற்காலி உடைந்ததிலிருந்து அவள் அங்கே போகவில்லை. அதற்காக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

புது நாற்காலி ஒன்றோடு பாஸ்டர் ரெக்ஸ் வந்தார். இலவசமாக வருவதென்றால் எங்கள் கன்னியாஸ்திரிகள் எந்தச் சபை என்று பார்ப்பதில்லை. கூடவே மஞ்சள் சட்டைக் கூட்டம். பெரியவர்களை வணங்கும் எங்கள் ஊர் முறைப்படி, வரிசையாகக் கிழவிகளின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணும் கிழவியின் முகத்தில் இல்லை, எல்லாம் கேமராவில்.

பாஸ்டர் கண்ணை மூடினார். “இந்த நாற்காலி யாருக்குன்னு ஆண்டவர் ஒரு பேரக் காட்டுறாரு. மரியா. இங்க மரியான்னு ஒரு அம்மா இருக்கீங்க.”

எங்கள் ஊர் ஞானஸ்நானத்தில் முக்கால்வாசிப் பெயர்களுக்கு முன்னால் ஒரு மரியாவை ஒட்டிவிடுவார்கள். மீன் சந்தையில் நின்று இதைச் சொன்னாலும் பாதிச் சந்தை திரும்பும். கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. வாதத்தில் விழுந்த கையை ஒருத்தி தூக்கிவிட்டாள். மஞ்சள் சட்டைகள் அதை அற்புதம் என்று கைதட்டின.

நான் புருடென்சியாவிடம் குனிந்தேன். “கையத் தூக்குங்க. மரியா புருடென்சியான்னு சொல்லுங்க. யாரு பாக்கப் போறா?”

“அது என் பேரு இல்ல, நெனா.”

“நாற்காலி வேணுமா வேண்டாமா?”

“வேணும். ஆயுசு பூரா கண்ட பேருக்கெல்லாம் ஓடியாச்சு. பொய்ப் பேரச் சொல்லி வாங்குன நாற்காலில கடவுள் முன்னாடி போய் உக்காந்து, யாரு வந்திருக்கேன்னு சொல்லுவேன்?”

“அவரே பேர் சொல்லிக் கூப்பிடுறாராமே.”

“அந்த ஆளு குத்துமதிப்பா விசாரிச்சுக்கிட்டு நிக்கிறான். என்னைத் தெரிஞ்சவரு இப்படிக் கேப்பாரா?” என்றவள், “பெட்பேன் எடுத்துட்டு வா” என்றாள்.

நாற்காலி மரியா ருஃபினாவுக்குப் போனது. பூனையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவள். பல் வரிசை படத்துக்கு எடுப்பாக இருக்கும். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து அழுதார். கேமரா அணைந்ததும் கண்ணீரும் நின்றது. பின்னர் வேன் ஏறினார்கள். யாராலும் மெல்ல முடியாத கோழி வறுவல் பொட்டலங்களைப் பெருந்தன்மையோடு விட்டுச் சென்றார்கள்.

வேன் வாசலைத் தாண்டியதும் ருஃபினாவிடம் போனேன். “எந்திரிங்க.”

“கடவுள் எனக்குக் குடுத்தது, நெனா.”

“காலையும் அவருதான் குடுத்தாரு. எந்திரிங்க.”

என் பரம்பரையைத் திட்டியபடி எழுந்து, புகார் சொல்ல விறுவிறுவென்று சமையலறைக்கு நடந்தாள்.

புருடென்சியாவை அந்த நாற்காலியில் இறக்கி, முற்றத்தைக் கடந்து சிற்றாலயத்தின் முன்வரிசையில் நிறுத்தினேன். சிலுவைக் குறி இட்டாள். பிறகு வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல உரக்க ஆரம்பித்தாள்.

“புருடென்சியாதான் வந்திருக்கேன். ரொம்ப நாளாச்சு. மொதல்ல இங்க போடுற சாப்பாட்டப் பத்திச் சொல்றேன், அப்புறம் அந்த ஆளப் பத்தி.”

நடுவில் திரும்பி என்னைப் பார்த்தாள். “நீ எதுக்கு நிக்கிற? அரை மணி கழிச்சு வா.”

மாற்ற வேண்டிய படுக்கை விரிப்புகள் கிடந்தன. போனேன்.