வாசலோடு நின்ற டீச்சர்

எட்டு வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாயில்லாப் பிள்ளை என்று யாரும் கண்டிக்கவில்லை.

அம்மா மஞ்சள்காமாலையில் இறந்தபோது தம்பிக்கு ஒன்றரை வயது. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் காலை எட்டு மணி ஷிப்டு. தம்பியை வன்னியம்பட்டி அத்தை வீட்டில் விட்டுவிடச் சொல்லி உறவினர்கள் நெருக்கினார்கள். அப்பா பிடிகொடுக்கவில்லை. சர்ச் பெண்கள் இருந்த தைரியம்தான். துணையை இழந்து பிள்ளைகளோடு நிற்பவர்கள் வீட்டுக்கு அவர்கள் முறைபோட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்குப் பால்வாடி டீச்சரும் வயதான ஒரு பெரியம்மாவும் வந்தார்கள். டீச்சரும் கணவரை இழந்தவர். காலையில் வந்து சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டுத் தம்பியைப் பால்வாடிக்குத் தூக்கிப்போவார்கள்.

பெரியம்மாவுக்கு மூட்டுவலி வந்து படுத்ததும் டீச்சர் தனியாக வந்தார். அன்றிலிருந்து அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. தன் வீட்டில் சமைத்ததைத் தூக்குவாளியில் கொண்டுவந்து படியில் வைப்பார். தம்பிக்குத் தெருக்குழாயில் குளியல். எனக்கு வாசற்படியில், தெருவைப் பார்க்க உட்காரவைத்துச் சடை. அப்பா உள்ளேயே நிற்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

நாலாம் நாள், குழாயடியில் கூட்டம் நின்றபோது சத்தமாகவே கேட்டேன்.

"எங்க வீடு நாறுதா டீச்சர்? ஏன் உள்ள வர மாட்டேங்கிய?"

குடத்தோடு நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள்.

"பிள்ளையே கூப்பிடுது. போங்க டீச்சர், என்னைக்கிருந்தாலும் போறதுதான?"

எல்லோரும் சிரித்தார்கள். என் தலையில் டீச்சரின் கை நின்றது.

"ஆடாம இரு ஏட்டி" என்றார். வழக்கத்தைவிட மெதுவாகப் பின்னி, ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சர்ச்சிலிருந்து வேறு யாரும் வரவில்லை. அப்பா ஷிப்டுக்குப் பிந்திப்போய் இரண்டு முறை திட்டு வாங்கினார். மாதம் முடியுமுன் தம்பியை வன்னியம்பட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பொங்கலுக்கு நாங்கள் போனபோது தம்பி அப்பாவைப் பார்த்து அழுது, அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அப்பா வெளியே போய் நின்றார்.

என் வீட்டை அருவருத்த டீச்சர் ஒழிந்தார் என்றுதான் அப்போது நினைத்தேன். மறுநாளும் எங்களுக்காக வரமுடிய வேண்டும் என்றுதான் அவர் உள்ளே வராமல் இருந்தார்.