ராணிப்பேட்டை லாரியில் போன பந்து

பம்மலில் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வாட்டர் கேன் அண்ணன் அடித்த சிக்ஸர் இன்னும் தரையில் விழவில்லை என்று. மைதானத்தை ஒட்டிய சாலையில் தோல் ஏற்றிக்கொண்டு போன லாரிக்குள் பந்து விழுந்ததாம். லாரி ராணிப்பேட்டை வரை போனதாம். அங்கே மூட்டையைப் பிரித்தவர்கள் பந்தை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்களாம். எங்கள் விக்கெட் கீப்பர் ராணிப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்துவிட்டே வந்தான்.

"பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம மச்சான், கடை மூடிக் கீது" என்றான்.

எந்தக் கடை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தக் கதையைக் கட்டியவனே நான்தான்.

நடந்தது இதுதான். ஏழு வருடங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் மேட்ச். அண்ணன் பின்தெரு. நான் சாலை ஓரத்தில் பவுண்டரியில் நின்றேன். எங்கள் மைதானத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, அது படுத்திருக்கிறது. அதன் நிறத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. பந்து அதற்குள் விழுந்தால் விட்டவன்தான் இறங்கி எடுக்க வேண்டும், இது எங்கள் மைதானத்துச் சட்டம். இறங்கியவனை இரண்டு நாள் வீட்டில் தனித்தட்டு வைத்து உட்காரவைப்பார்கள்.

அன்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். பந்து மூன்று முறை குதித்து, என் காலுக்கு நடுவே நுழைந்து, கால்வாய்க்குள் 'ப்ளக்' என்று போய் உட்கார்ந்தது. சரியாக அதே நேரம் சாலையில் ஒரு லாரி போனது. நான் தண்ணீரைப் பார்த்தேன், லாரியைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

"லாரில வுழுந்துச்சு! லாரில வுழுந்துச்சு!"

பந்து நேராகச் சாலைக்குப் போய்விட்டால் சிக்ஸ் என்பதும் எங்கள் சட்டம்தான். என் கால் நனையாமல் இருப்பதற்காக எங்கள் தெரு தோற்றது. அன்றிலிருந்து அவர் சிக்ஸர் அண்ணன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். பகலில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் வேலை; ஞாயிறானால் பம்மலிலிருந்து தாம்பரம் வரை எங்கே டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடந்தாலும் மைக் பிடித்துக் கமென்ட்ரி சொல்வேன். யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்பது அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. யாரைப் பற்றி என்ன சொன்னேன் என்பது இருக்கும். கோவிலம்பாக்கம் டீமில் ஒரு ஒல்லி பவுலர் இருக்கிறார். ஒருமுறை அவர் போட்ட பந்தில் ஸ்டம்ப் இரண்டாக உடைந்தது. கரையான் அரித்த ஸ்டம்ப், காற்றடித்தாலே உடைந்திருக்கும். நான் மைக்கில், "ஸ்டம்ப ஒடைச்ச சூறாவளி! ஒடைஞ்ச பாதிய பூஜை ரூம்ல வச்சுக் கும்புடுறாங்களாம்!" என்று விட்டேன். மறு வருடம் போய்ப் பார்த்தால் நிஜமாகவே பூஜை அறையில் வைத்திருந்தார்கள், பொட்டு வைத்து. காட்டாங்குளத்தூர் பக்கத்துக் காலேஜ் டீம் ஹெல்மெட், கூலிங் கிளாஸ், சக்கரம் வைத்த கிட் பேக் என்று எல்லாவற்றோடும் வரும். கதை மட்டும் இருக்காது. அவர்களைப் பார்த்து யாரும் பயப்படுவதும் இல்லை.

போன வருடம் எங்கள் மைதானத்தில் டோர்னமென்ட். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே பம்மல் டீம். ஃபைனலுக்கு வந்துவிட்டோம், எதிரில் கோவிலம்பாக்கம். வியாழக்கிழமை நான் கடையில் பேனர் வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் தோளில் இருபது லிட்டர் கேனோடு வந்து நின்றார். கேனை இறக்கவே இல்லை.

"டேய், உன்னால என் மானம் போவப்போவுதுடா."

"இன்னாணா ஆச்சு? மொதல்ல கேன இறக்கு."

"என் பொண்ணு கிளாஸ்ல ஒரு பையன், உங்கப்பா தண்ணி கேன் தூக்குறவரு, சிக்ஸர்லாம் உடான்ஸுன்னு சொல்லிக்கிறான். இவ, ஞாயித்துக்கெழம வந்து பாருடா, எங்கப்பா அடிப்பாருன்னு சொல்ட்டு வந்துக்கிறா. ஒரு பெஞ்சே வருது மேட்ச் பாக்க."

"வரட்டும்ணா. நீ அடி."

"நான் ஆறு வருஷமா பேட்டே தொடலடா! வாழ்க்கைல அடிச்சதே அந்த ஒரு சிக்ஸரு. அது எப்டி பட்டுச்சுன்னு எனக்கே தெரியாது."

கேனிலிருந்து ஒரு சொட்டு அவர் காதில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் என்னையே பார்த்தார். அந்த ஒன்றும் நீ அடிக்கவில்லை அண்ணா, என் காலுக்கு நடுவே போன பந்து அது என்று சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தேன்.

"அன்னைக்கு நான் இன்னா சாப்ட்டேன்னு ஞாபகம் கீதா?" என்றார் அண்ணன். "அதையே சாப்ட்டு வரேன். அதே நேரம், அதே பேட்டு. சென்டிமென்ட்டா ஒண்ணு ஒர்க் அவுட் ஆகும்ல?"

அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மனிதர் வாடிய முகத்தோடு நிற்கிறார்.

"நாலு இட்லி, வடகறி" என்றேன். "ரெண்டாவது தடவ வடகறி மட்டும் தனியா கேட்டு வாங்குன."

"ஆமாண்டா! ஞாபகம் வருது!" என்றார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. வராத ஞாபகத்தை வரவழைப்பதுதான் என் தொழிலே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். சட்டையில் வடகறி. பேட்டில் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. அவர் பெண் ஐந்தாம் வகுப்பு. நான்கு தோழிகளையும் அந்தச் சந்தேகப் பேர்வழிப் பையனையும் கூட்டிக்கொண்டு நேராக என் மைக் மேஜைக்கு வந்தாள். அவள் அப்பாவும் எனக்கு அண்ணன், நான் அவளுக்கும் அண்ணன். பம்மலில் முறை எல்லாம் அப்படித்தான்.

"அண்ணா, நீங்கதான நேர்ல பாத்தீங்க? இவன்கிட்ட சொல்லுங்க. அந்த லாரி நெஜமா வந்துச்சுல்ல?"

பையன் கையைக் கட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நின்றான்.

"லாரி நெஜமா வந்துச்சு பாப்பா. சத்தியமா வந்துச்சு" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"லாரி தெனமும்தான் வருது" என்றான் பையன். இவன் பெரிய ஆளாக வருவான், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கோவிலம்பாக்கம் முதலில் ஆடி அறுபது அடித்தது. நாங்கள் துரத்தினோம். ஆறு ஓவர் மேட்ச். கடைசி ஓவரில் நான்கு பந்து மிச்சம், எட்டு ரன் வேண்டும், விக்கெட்டுகள் மடமடவென்று விழுந்து அண்ணனைத் தவிர ஆள் இல்லை. பந்து போடப்போவது ஒல்லி பவுலர், ஸ்டம்ப் உடைத்த சூறாவளி.

அண்ணன் நடந்து போகும் வழியில் என் மேஜைக்கு வந்து குனிந்தார். "டேய், இவந்தான ஸ்டம்ப ஒடைச்சவன்? பூஜை ரூம்ல வச்சிக்கிறாங்களே? நான் ஹெல்மெட் போட்டுக்கவா?"

"டென்னிஸ் பால்ணா!"

"ஸ்டம்பும் மரம்தானடா, அதையே ஒடைச்சான்!"

அவரைத் தள்ளி அனுப்பினேன். அந்தப் பக்கம் பார்த்தால் ஒல்லி பவுலர் அம்பயரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் என் மேஜை வரை கேட்டது.

"சார், ராணிப்பேட்ட வரைக்கும் அடிச்சது இவருதானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் நிற்பவரும் நடுங்குகிறார், அந்தப் பக்கம் நிற்பவரும் நடுங்குகிறார், இரண்டு பேரையும் பயமுறுத்தியது நான் ஒருத்தன். மைக்கை எடுத்தேன்.

"வராரு வராரு! டெய்லி நூறு கேன் தூக்குற தோளு வருது! ராணிப்பேட்டைக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, கதவ தொறந்து வைக்கச் சொல்லுங்க!"

பவுலர் ஓடி வந்தார். பந்து கீப்பருக்குக்கூட எட்டாமல் ஒரு மைல் வெளியே போனது. வைடு. அடுத்ததும் வைடு. நான்கு பந்தில் ஆறு ரன்.

"பாத்தீங்களா, பக்கத்துலயே போட மாட்டேங்கிறாரு! மரியாதை!" என்றேன்.

அடுத்த பந்து நேராக வந்தது. அண்ணன் கண்ணை மூடிச் சுற்றினார், காற்றுதான் கிடைத்தது. அதற்கடுத்ததும் அப்படியே, பேட்டோடு சேர்ந்து அவரும் ஒரு வட்டம் சுற்றி நின்றார். பையன் "ஹும்" என்றான். பாப்பா அவனைப் பார்க்கவே இல்லை; எலுமிச்சம்பழத்தின் மிச்சப் பாதியை இரண்டு கைக்கும் நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. நான் மைக்கை மேஜையில் வைத்துவிட்டேன்.

மூன்றாவது பந்து. சோறு ஊட்டுகிற மாதிரி மெதுவாக, உயரமாக, ஒரு ஃபுல் டாஸ். அண்ணன் கண்ணை மூடினார். சுற்றினார். டொப்!

பந்து வானத்துக்கெல்லாம் போகவில்லை. தரையோடு பேசிக்கொண்டே சாலைப் பக்கம் ஓடியது. அங்கே கோவிலம்பாக்கத்துப் பையன் ஒருவன், புது வெள்ளை ஷூ போட்டவன், குனிந்தான். பந்து அவன் காலுக்கு நடுவே நுழைந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த இடம் எனக்குத் தெரியும். அந்தச் சத்தமும் தெரியும். ப்ளக்.

கால்வாய் என்றால் நான்குதான். இன்னும் ஒரு பந்தில் இரண்டு ரன் வேண்டும், அண்ணன் இன்னொரு தடவை கண்ணை மூட வேண்டும்.

ஷூப் பையன் கால்வாயைப் பார்த்தான். தன் வெள்ளை ஷூவைப் பார்த்தான். விட்டவன்தான் எடுக்க வேண்டும் என்று டாஸ் போடும்போதே அம்பயர் சொல்லியிருந்தார். சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ பல்லாவரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பையன் கை மெல்ல உயர்ந்தது.

"ஆட்டோல வுழுந்துடுச்சு! ஷேர் ஆட்டோல போயிடுச்சு!"

தரையோடு உருண்டு போன பந்து எப்படி ஆட்டோவில் ஏறும் என்று யாராவது கேட்டிருக்கலாம். அத்தனை பேரும் பார்த்தார்கள்தானே? ஆனால் ஆறு வருடமாகக் காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அம்பயர் சிக்ஸ் என்று இரண்டு கையையும் தூக்கினார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேட்காதீர்கள். அண்ணனை எட்டுப் பேர் தூக்கினார்கள், ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பா அவர் கழுத்தில் தொங்கினாள், எலுமிச்சைச் சாறும் வடகறியும் ஒன்றாகக் கலந்தன. எதிரணி கோபப்படும் என்று பார்த்தால், ஒல்லி பவுலர் ஓடி வந்து என் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்தப் பந்த போட்டது நான்தான்! எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க, நான் போட்ட பந்துதான்!"

சந்தேகப் பையன் மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆட்டோ எங்க நிக்கும்?" என்று கேட்டான். அவ்வளவுதான், அவனும் கதைக்குள் போய்விட்டான்.

கூட்டம் கலைந்தபின் நான் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை ஷூப் பையன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பந்து..."

"கால்வாய்தான?"

அவனுக்கு வாய் பிளந்தது. "எப்டிணா தெரியும்?"

"அதே எடத்துல நானும் நின்னிருக்கேன் மச்சான். ஷூ நல்லா இருக்கு, எங்க வாங்குன?"

குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நானும் ஆரம்பித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த நாற்றத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே எங்கேயோ ஆறு வருடப் பந்தும் இன்றைய பந்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

புதன்கிழமை அண்ணன் கடைக்குக் கேன் போட வந்தார். பள்ளி விட்டு வந்த பாப்பா வண்டியின் பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பாப்பா, கிளாஸ்ல அந்தப் பையன் இன்னா சொல்றான்?"

"அவன்தாண்ணா இப்ப எல்லாருக்கும் சொல்றான். பால் மேல போயி, பிளேன் சக்கரத்துல மாட்டிக்கிச்சுன்னு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கேனை இறக்கிவைத்துவிட்டு மேலே பார்த்தார். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஷேர் ஆட்டோன்னுதான பாப்பா சொன்னாங்க?" என்றேன்.

"ஆட்டோ சின்னதா இருக்குல்லண்ணா" என்றாள். "அதான் நான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன்."