மேடம் பார்த்த பிரிண்ட்

பெரம்பலூரில் எங்கள் மாடி ஆபீஸின் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. மூன்று கட்டங்கள், இரண்டு அம்புக்குறிகள், அவ்வளவுதான். முதல் கட்டம், சுரங்கத்துக்குள் போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் டோக்கனை வைத்து எண்ணும். உள்ளே ஒருவரும் இல்லை என்று அது சொன்னால்தான் நடுக்கட்டம் வெடி வைக்க அனுமதிக்கும். அதன் பிறகே கடைசிக் கட்டம் அனுமதிச் சீட்டை அச்சடிக்கும். அரியலூர்ப் பக்கம் திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றுக்காக நாங்கள் எழுதிய மென்பொருளின் வரைபடம் அது. வரைந்தவர் எங்கள் மேடம்.

வரைந்ததோடு விட மாட்டார். எழுதி முடித்த புரோகிராம் முழுவதையும் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, எந்தப் பகுதி எந்தப் பகுதியைக் கூப்பிடுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார். சார்ட்டில் இல்லாத கோடு ஒன்று விழுந்தாலும் கையெழுத்து கிடையாது. அதான் ஓடுகிறதே என்று முணுமுணுப்போம். "ஓடுறது வேற, நாம சொன்ன வழியில ஓடுறது வேற" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு டிராயிங் டீச்சர் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

சுரங்கத்தில் சோதனைக்கு ஓடவிட்டபோது சிக்கல் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் டோக்கனைத் திருப்பித் தரும் கேட்டைச் சுற்றிக்கொண்டு போகாமல், அதை இடுப்பில் முடிந்தபடியே பின்பக்கச் சரிவில் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது, வெடி தள்ளிப்போகும். சுரங்க மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, எண்ணிக்கையைக் கேட்காமல் நேராகச் சீட்டு வருகிற மாதிரி ஒரு பட்டன் கேட்டார். மேடத்திடம் சொன்னால், சரிவில் வேலி போடச் சொல்லுங்கள் என்பார். மேனேஜரின் மச்சானோ எனக்குச் சென்னையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பத்தே வரியில் பட்டனை எழுதிக் கொடுத்தேன். மேடத்துக்கு, பட்டன் இல்லாத பழைய ஃபிளாப்பியிலிருந்து பிரிண்ட் எடுத்து நீட்டினேன். இரண்டு நாள் உட்கார்ந்து தாள் தாளாகக் கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மூன்றாம் மாதம் ஒருநாள் எண்ணிக்கை ஒன்றில் நின்றது. எவனோ டோக்கனோடு சாப்பிடப் போயிருப்பான் என்று பட்டனை அழுத்தினார்கள். அன்று கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் உண்மையாகவே உள்ளே இருந்தார். காய்ச்சலில் பாறை நிழலில் படுத்துக் கிடந்தவருக்குச் சங்கு ஊதியது தெரியவில்லை. உயிர் பிழைத்தார், இடது கால் போயிற்று.

விசாரணையில் பட்டனை எழுதியது யார் என்று கேட்டார்கள். நான்தான், மேனேஜர் கேட்டார், மேடம் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார் என்றேன். கூசாமல் சொன்னேன். மேடம் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டார். சரியாகச் சோதிக்கவில்லை என்று அவர் வேலை போயிற்று. அடுத்த மாதமே நான் சென்னையில் சேர்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பாடாலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது மேடம் எதிரே வந்து நின்றார். நழுவ வழியில்லை. வரதராஜன்பேட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். என் அம்மாவின் உடம்பை விசாரித்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"அந்த பிரிண்ட்ல பழைய தேதி இருந்துச்சுப்பா. அன்னிக்கே பாத்தேன். வேற யாராச்சும்னா திருப்பிக் குடுத்திருப்பேன். நீதானேன்னு விட்டுட்டேன்."

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தேதியப் பாத்துட்டும் போட்டது என் கையெழுத்துதானே" என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவர் திரும்பி, "நீயாச்சும் போயி உள்ளதச் சொல்லிடுறியாப்பா?" என்று கேட்டார்.

சொல்றேன் மேடம் என்றேன். அதையும் அவர் நம்பினார்.